வேலூர் வெயிலில் ஐரிஸ்: எதை நடலாம், எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்

ஐரிஸ் என்கிற கிழங்குப் பூச்செடியில் வெயில் தாங்கும் வகை எது என்று இணையத்தில் தேடினால் கிடைக்கிற குறிப்புகளில் பாதி கலிபோர்னியாக்காரர்கள் எழுதியவை. கிழங்கை மேலாக நடு, முதுகில் வெயில் படட்டும், கோடையில் தண்ணீரை நிறுத்து, வசந்தத்தில் பூக்கும் என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. காட்பாடியிலோ ஆற்காட்டிலோ அதை அப்படியே செய்தால் நாலைந்து இலை வரும், ஐப்பசி மழைக்குக் கிழங்கு கூழாகிவிடும். பூவைப் பார்க்க முடியாது.

பழியை எல்லோரும் கத்திரி வெயில் மேல் போடுகிறார்கள். மண்ணுக்குள் இருக்கிற ஐரிஸ் கிழங்கு வெயிலை நன்றாகவே தாங்கும். உலர்ந்த மண்ணில் 40 டிகிரியில் இலையைக் குறைத்துக்கொண்டு சும்மா கிடக்கும், அவ்வளவுதான். நமக்குப் பிரச்சினை வேறு இரண்டு. ஒன்று, நம்மூரில் குளிர் போதாது. இன்னொன்று, மண் சூடாக இருக்கும்போதே மழை வருகிறது. கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை காய்ந்து கிடக்கிறது. நமக்கோ ஆனி, ஆடியில் சாயங்கால இடிமழை, ஆவணி புரட்டாசியில் நல்ல மழை, அதற்குப் பிறகு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இத்தனை மாதமும் மண் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிழங்கை அழுக வைக்கிற பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இதைவிட நல்ல காலம் கிடையாது.

குளிர் விஷயத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். படத்தில் பார்த்து எல்லோரும் ஆசைப்படுகிற பெரிய பூ, கீழ் இதழில் கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு பட்டை ஓடுமே, அது பியர்டட் ஐரிஸ். பூமொட்டு கட்ட அதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழே இரவு வேண்டும். வேலூரில் தை மாத இரவு 18 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. சரி, ஏலகிரியில் வைக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், வேலூர் 220 மீட்டர் போல. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால் ஏலகிரியில் 12, 13 டிகிரி வரும். அதுவும் போதாது. காஷ்மீரில் கல்லறைத் தோட்டங்களில் யாரும் கவனிக்காமலே வெள்ளையும் ஊதாவுமாக ஐரிஸ் பூத்துக் கிடக்கிறது என்றால், அங்கே பனி விழுகிறது, கோடை மழையும் குறைவு. பியர்டட் ஐரிஸ் கிழங்கை 400, 500 ரூபாய் கொடுத்து வாங்கி வேலூர் மண்ணில் புதைப்பது வீண்.

அதைவிட வீண், ‘நீல ஐரிஸ்’, ‘கறுப்பு ஐரிஸ்’, ‘வானவில் ஐரிஸ்’ என்று படம் போட்டு விற்கிற விதைப் பொட்டலங்கள். கலப்பின ஐரிஸை விதை போட்டு அதே நிறத்தில் எடுக்க முடியாது. அதனால்தான் அதைக் கிழங்காகப் பிரித்து விற்கிறார்கள். பொட்டலத்துக்குள் இருப்பது ஐரிஸ் விதைதானா என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

ஐரிஸ் குடும்பம் பெரியது. அதில் நம்மூர் வெயிலிலும் மழையிலும் பூக்கிறவை உண்டு, நர்சரியில் 50 ரூபாயிலிருந்து 150 ரூபாய்க்குள் கிடைக்கும். முதலில் நடவேண்டியது லெப்பர்டு லில்லி. சிலர் பிளாக்பெர்ரி லில்லி என்பார்கள். பெயரில் லில்லி இருந்தாலும் இது அசல் ஐரிஸ். முன்பு பெலம்கண்டா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள், 2005இல் தாவரவியலாளர்கள் ஐரிஸ் பேரினத்துக்குள்ளேயே சேர்த்து ஐரிஸ் டொமஸ்டிகா என்று பெயரிட்டார்கள். குளிர் கேட்காது. வாள் போன்ற இலைகள் விசிறியாக விரியும், நடுவிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் கிளைத்த தண்டு வரும். பூ 5 செ.மீ. அகலம், ஆரஞ்சு நிறம், ஆறு இதழிலும் செம்புள்ளிகள். காலையில் விரிகிற பூ சாயங்காலம் மூடும்போது, ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். மறுநாள் அந்த முறுக்கு அப்படியே காய்ந்து நிற்கும், பக்கத்தில் அடுத்த மொட்டு விரிந்திருக்கும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், ஆனால் ஒரே தண்டில் வாரக்கணக்கில் மாறி மாறிப் பூக்கும். பூவைக் கிள்ளாமல் விட்டால் மூன்று பிரிவாகக் காய் பிடித்து, காய்ந்ததும் தோல் பின்னுக்குச் சுருண்டு, மிளகைவிடச் சற்றுப் பெரிய கரிய பளபளப்பான விதைகள் கொத்தாக வெளியே தெரியும். வாரக்கணக்கில் உதிராது. அதற்காகவே சிலர் வளர்க்கிறார்கள்.

இதை விதையிலிருந்தே எடுக்கலாம், ஆடிப் பட்டம் பொருத்தம். புது விதையாக இருக்க வேண்டும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு செ.மீ. ஆழத்தில் நாற்றுத் தட்டிலோ சின்னத் தொட்டியிலோ போடுங்கள். ஒரே நாளில் எல்லாம் முளைக்காது. சில விதை இரண்டு வாரத்தில் வரும், சில விதை இரண்டு மாதம் எடுக்கும். முளைக்காததைப் பார்த்து தட்டைக் கொட்டிவிடாதீர்கள். நான்கைந்து இலை வந்ததும் ஓரடி இடைவெளியில் எடுத்து நடலாம். வழக்கமாக அடுத்த வருடம் பூக்கும். அவசரக்காரர்கள் கிழங்கோடு இரண்டு மூன்று விசிறியாக வாங்கி நட்டால் அதே வருடம் பார்க்கலாம். காலையிலிருந்து மதியம் வரை நல்ல வெயில், இரண்டு மணிக்கு மேல் நிழல் என்பது இதற்குச் சரியான இடம். முழு நாள் வெயிலிலும் பிழைக்கும், இலை நுனி மட்டும் கருகும்.

நடுகிற ஆழத்தில்தான் வெளிநாட்டுக் குறிப்பு ஆளைக் கவிழ்க்கிறது. கிழங்கு முதுகு வெளியே தெரிய வேண்டும் என்பது அவர்கள் ஊர் விதி. நம் வெயிலில் திறந்து கிடக்கிற கிழங்கு வெந்துவிடும். இரண்டு, இரண்டரை செ.மீ. மண் மூட வேண்டும். அதற்கு மேல் புதைத்தால் மழையில் அழுகும். குழிக்குள் ஒரு கைப்பிடி மண்ணை மேடாகக் குவித்து, கிழங்கை அதன்மேல் உட்காரவைத்து, வேரை இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு மண்ணை மூடி அழுத்துங்கள். வேர் ஆழத்தில், கிழங்கு மேலே. நட்டவுடன் நன்றாக ஒரு தண்ணீர், பிறகு மேல்மண் காய்ந்தால்தான் அடுத்தது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும், ஏனென்றால் கெடுகிறது பெரும்பாலும் இங்கேதான். நம் பக்கத்துச் சரளைச் செம்மண் ஐரிஸ் குடும்பத்துக்கு நல்ல மண். தண்ணீர் தேங்காது. அதில் ‘சத்து’ சேர்க்கிறேன் என்று ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். நெல்லுக்கும் வாழைக்கும் அது அருமை, கிழங்குச் செடிக்கு எமன். மழையில் சேறாகவும் கோடையில் ஓடாகவும் ஆகிவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு கரட்டு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் போதும். பாலாற்று மணல் இப்போது கிடைப்பதில்லை, எல்லோரும் எம்-சாண்ட் வாங்குகிறார்கள். வாங்குங்கள், ஆனால் ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு முறை அலசி, பால் மாதிரி வருகிற தூளை ஊற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்தத் தூள் மண்ணின் துவாரங்களை அடைத்துக்கொள்ளும். அடுப்புச் சாம்பல் போட வேண்டாம். நம் கிணற்றுத் தண்ணீரே மண்ணைக் காரமாக்குகிறது, சாம்பல் அதை இன்னும் கூட்டும். கடலைப் புண்ணாக்கைக் கட்டியாகக் கிழங்குப் பக்கத்தில் வைப்பதும் வேண்டாம். தழைச்சத்து ஏறி இலை கொழுக்கும், கிழங்கு மென்மையாகும், எறும்பு வேறு புற்றுப் போடும். மழைக்கு முன் ஒரு முறை, தை மாதம் ஒரு முறை ஒவ்வொரு புதருக்கும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அதுவும் கிழங்கிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போட்டால் சரி.

தரை மட்டத்தில் நடாதீர்கள். செங்கல்லை ஓரத்தில் அடுக்கி 15, 20 செ.மீ. உயர்த்திய பாத்தியில் நடுங்கள். ஐப்பசியில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வந்து மூன்று நாள் விடாமல் கொட்டும்போது அந்த ஒரு சாண் உயரம்தான் செடியைக் காக்கும்.

வட ஆற்காடு மண்ணில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டு மனைகளில் நிறைய முன்பு வேர்க்கடலை போட்ட நிலம். கடலையில் தண்டழுகல் என்று விவசாயிகள் சொல்கிற நோய் இருக்கிறதே, ஸ்கிளிரோஷியம் பூஞ்சை, அதே பூஞ்சைதான் ஐரிஸையும் அடிவாரத்தில் பிடிக்கிறது. இலை விசிறியின் வெளி இலைகள் அடியில் வெளுத்துச் சாயும். மண்ணை விலக்கினால் வெள்ளை நூல்கள் படர்ந்திருக்கும், அதற்குள் கடுகளவு பழுப்பு உருண்டைகள் தெரியும். அந்த உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கண்டால் செடியைச் சுற்றி ஒரு சாண் மண்ணோடு அள்ளிப் பையில் போட்டு வெளியே எறியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

இதற்கு நம்மிடம் இலவச மருந்து ஒன்று இருக்கிறது. அக்கினி நட்சத்திரம் தொடங்குமுன் பாத்தியைக் கொத்தி, கட்டியை உடைத்து, ஒரு சாண் ஆழம் நனைகிற மாதிரி தண்ணீர் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரியுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், அது வெயிலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், மண்ணுக்குள் விடாது. நாலு ஓரத்தையும் மண்ணில் புதைத்து, காற்று நுழையாமல் நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். வேலூர் வெயிலுக்கு மேல்மண் நன்றாகவே வெந்துவிடும், மேல் அடுக்கில் இருக்கிற பூஞ்சை உருண்டையும் களை விதையும் பெரும்பாலும் சாகும். பிறகு அந்த மண்ணை ஆழமாகக் கிளறாதீர்கள், கீழே தப்பியது மேலே வந்துவிடும். நடுகிற நேரத்தில் ஒரு கிலோ ஈரத் தொழு உரத்துக்கு, நோய்ப் பூஞ்சையை அடக்குகிற டிரைக்கோடெர்மா விரிடி 50 கிராம் கலந்து, பத்து நாள் நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்து குழிக்கு ஒரு கைப்பிடி போடுங்கள். டிரைக்கோடெர்மா உரக்கடைகளில் கிடைக்கிறது. பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள், உயிருள்ள பூஞ்சை அது, பழசானால் வெறும் சுண்ணாம்புத் தூளுக்குச் சமம்.

பாக்டீரியா அழுகல் வேறு. அதில் வெள்ளை நூல் இருக்காது, நாற்றம் இருக்கும். இலையைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும், கிழங்கு பாயசமாகியிருக்கும். முழுவதும் போகாமல் இருந்தால் காப்பாற்றலாம். தோண்டி எடுத்து, மென்மையான பகுதி முழுவதையும் கரண்டியால் சுரண்டி, கெட்டியான வெள்ளைச் சதை வரும்வரை எடுத்து, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, ஒரு நாள் முழுக்க வெயில் காட்டி, புது இடத்தில் நடுங்கள். கத்தியையும் அதே தண்ணீரில் கழுவுங்கள். அடுத்த செடிக்கு நோயைக் கொண்டுபோவது கத்திதான்.

இனி தண்ணீர். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் போர் தண்ணீரின் உப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற இடங்களிலும் கடினத் தண்ணீர்தான். ஐரிஸ் உப்பை ரொம்பத் தாங்காது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் படலம், இலை நுனியிலிருந்து உள்நோக்கி வருகிற பழுப்பு, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது நோய் அல்ல, உப்பு. ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிந்து வருகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. சிக்கனம்தான், ஆனால் போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்து அதில்தான் வருகிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு கிடையாது, தொட்டிச் செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். போர் தண்ணீர் மட்டுமே வழி என்றால் தினம் ஒரு சொம்பு தெளிக்காமல், சில நாளைக்கு ஒரு முறை தொட்டியின் அடித்துளை வழியே ஓடுகிற அளவு ஊற்றுங்கள், உப்பு கீழே இறங்கிப் போகும். நல்ல மழை பெய்யும் நாளில் தொட்டிகளைத் திறந்த வெளியில் நகர்த்தி வையுங்கள், ஒரு மழையில் மண் கழுவிவிடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் பெரஸ் சல்பேட், ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து சாயங்காலம் இலையில் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை தெளிக்கலாம்.

கவனிக்க நேரமில்லாதவர்களுக்கு டயட்டீஸ். ஆப்பிரிக்க ஐரிஸ் என்று கேட்டால் பெங்களூர் நர்சரிகளிலிருந்து வரும். பைகலர் என்கிற வகை இளமஞ்சள் பூ, அடியில் அரக்குப் புள்ளி. இன்னொன்று வெள்ளைப் பூ, ஊதா நடுப்பகுதி. இரண்டடி, மூன்றடிக்குப் புல் மாதிரி அடர்ந்த புதராகும். வேர் ஊன்றும் வரை, முதல் மூன்று மாதம், வாரம் இரண்டு தண்ணீர். பிறகு கோடையில் வாரம் ஒரு முறை புதருக்கு 8, 10 லிட்டர் மெதுவாக விட்டால் போதும். முழு வெயில் வேண்டும், நிழலில் இலை மட்டும்தான். பூத்து முடிந்த தண்டை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அதே தண்டில் திரும்பத் திரும்ப மொட்டு வரும். தண்டு முழுக்கப் பழுப்பாகிக் காய்ந்த பிறகு அடியில் அறுக்கலாம். இதைப் பிடுங்கிப் பிரித்தால் கோபித்துக்கொண்டு பல மாதம் சும்மா நிற்கும். அதனால் ஆவணி, புரட்டாசியில் மட்டும் பிரியுங்கள், அதுவும் புதர் நடுவில் காய ஆரம்பித்த பிறகு.

நிழலான இடத்துக்கு வாக்கிங் ஐரிஸ். பிரேசில் பக்கத்துச் செடி. வெள்ளையும் நீலமுமான பூ காலையில் விரிந்து பொழுது சாய்வதற்குள் போய்விடும், ஆனால் மணம் உண்டு. பூ போன இடத்திலேயே குட்டிச் செடி முளைக்கும். அதன் பாரத்தில் தண்டு வளைந்து தரையைத் தொட, அங்கே வேர்விடும். அந்த முனையின் கீழே ஒரு சின்னத் தொட்டியை வைத்துக் கொண்டை ஊசியால் மண்ணோடு குத்திவிட்டால், வேர்பிடித்ததும் வெட்டி அண்டை வீட்டுக்குக் கொடுக்கலாம். கிழக்குப் பார்த்த தாழ்வாரம், தென்னைக்குக் கீழே, முருங்கையின் மெல்லிய நிழல் எல்லாம் பொருந்தும். மேற்குச் சுவர் ஓரம் வேண்டாம். பகல் முழுக்கச் சூட்டை வாங்கி ராத்திரி கக்குகிற சுவர் அது. சத்துவாச்சாரி போல மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குப் பாறையும் அதே வேலையைச் செய்யும். மொட்டை மாடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தால் வேர் வெந்துபோகும். மண் தொட்டி, மேலே 50 சதவீத நிழல்வலை. மஞ்சள் பூ பூக்கிற டிரைமீசியாவும் இதே பராமரிப்புதான், இன்னும் கொஞ்சம் வெயில் தாங்கும்.

லூசியானா ஐரிஸ் நல்ல சூடு தாங்கும் என்று எழுதுகிறார்கள். தாங்கும், ஆனால் அது சதுப்புச் செடி. புளிப்பு மண்ணும் எந்நேரமும் ஈரமும் கேட்கும். மழைத் தண்ணீர் சேமித்து வைத்திருப்பவர்கள் அல்லித் தொட்டியின் ஓரத்தில் முயலலாம். போர் தண்ணீரில் வேண்டாம்.

எப்படியும் அந்த நீலப் பூவைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு டச்சு ஐரிஸ் குமிழ் ஒரு வழி. இது கிழங்கு அல்ல, வெங்காயம் மாதிரிக் குமிழ். குளிரை நாமே கொடுக்கலாம். அக்டோபர் முதல் வாரத்தில் காகிதப் பையில் போட்டு பிரிட்ஜில், பிரீசரில் அல்ல, எட்டு வாரம் வையுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் 8, 10 செ.மீ. ஆழத்தில், 10 செ.மீ. இடைவெளியில், காலை வெயில் படுகிற இடத்தில் தொட்டியில் நடுங்கள். மாசி வெயில் ஏறுவதற்குள் பூத்தாக வேண்டும், அதனால் ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. மொட்டு உறைக்குள்ளேயே காகிதம் மாதிரிக் காய்ந்து போனால் சூடு முந்திக்கொண்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து கிடையாது. பத்துக் குமிழ் நட்டால் பத்தும் பூக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். பூத்த குமிழை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதிலும் பயனில்லை, நம் வெயிலில் அது பருக்காது. வெட்டுப்பூ வாங்குகிற செலவாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும், லேசாக இருந்தால் உள்ளே வெறும் சக்கை. பார்சலில் ஈரப் பாசி சுற்றி வந்திருந்தால் உடனே பிரித்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்திய பிறகே நடுங்கள். இலையை மூன்றில் ஒரு பங்காகக் கத்தரித்துவிடுங்கள், வேர்பிடிக்கும் வரை செடி அதிக நீரை இழக்காது. வீட்டில் நாயோ சின்னக் குழந்தையோ இருந்தால் வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாதீர்கள், ஐரிஸ் கிழங்கைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.